வாட்ஸ்அப்பில் போட்டேன், பெரியவர் பார்க்கவில்லை

கேள்வி: எனக்கு வயது 28. மாமல்லபுரம் அரசுக் கல்லூரியில் மரபுச் சிற்பக்கலை படித்துவிட்டு, பூஞ்சேரி பக்கம் ஒரு சிற்பக்கூடத்தில் மேற்பார்வை வேலை பார்க்கிறேன். எங்கள் கூடத்தில் மூன்று தலைமுறை வேலை செய்கிறது. அறுபதைத் தாண்டிய தலைமைச் சிற்பியை எல்லோரும் ‘பெரியவர்’ என்போம். அவரிடம் தொழில் கற்றுக்கொண்ட, நாற்பதுகளில் இருக்கும் இரண்டு பேர் அவருக்கு அடுத்த நிலையில். மெருகு போடுவதற்கும் கிரைண்டர் பிடிப்பதற்கும் இருபது வயதுப் பையன்கள்.

போன மாதம் வெளிநாட்டுக் கோயில் ஒன்றுக்குப் பெருமாள் சிலை. கிரீடமும் பீடமும் நீங்கலாக 4 அடி என்று முடிவாகி, கல்லும் வந்து இறங்கிவிட்டது. அதன் பிறகு கோயில்காரர்கள் 3 இஞ்ச் கூட்டிக் கேட்டார்கள். திருத்திய வரைபடத்தை அன்று இரவே எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். நீல டிக் விழுந்தது. பையன்கள் கட்டைவிரல் போட்டார்கள். சில நாள் கழித்துப் போய்ப் பார்த்தால், பெரியவர் பழைய அளவுக்கே கல்லை உடைத்து வைத்திருக்கிறார். கேட்டால், “எங்கிட்ட யார் சொன்னா?” என்கிறார். அவருடைய போனைப் பெரும்பாலும் பேரன்தான் வைத்திருப்பானாம்.

அன்றிலிருந்து கூடத்தில் முகம் கொடுத்துப் பேச்சே இல்லை. கஸ்டமர் வந்தால் என் எதிரிலேயே, “பாப்பாவுக்கு அதெல்லாம் தெரியாது சார், நான் சொல்றேன்” என்கிறார். பையன்களை ‘டேய்’ என்றுதான் கூப்பிடுவார். அவர்கள் அவரிடம் சந்தேகம் கேட்பதையே விட்டுவிட்டு யூடியூப் பார்க்கிறார்கள். மாஸ்க் போடச் சொன்னால், “நாப்பது வருஷமா இந்தத் தூசியிலதான் சோறு தின்னேன்” என்று முடித்துவிடுகிறார். முதலாளியோ, “நீங்களே பேசித் தீர்த்துக்குங்க” என்கிறார். மூத்தவரை அவமதிக்காமல், வேலையும் கெடாமல், எப்படிப் பேசுவது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மாமல்லபுரம்

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் கடிதத்தைப் படிக்கும் யாரும் இதை வயது வித்தியாசம் என்றுதான் சொல்வார்கள். நான் அதைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன். அளவு மாறினால் அதைச் சொல்ல வேண்டியவர் யார், யாரிடம் சொல்ல வேண்டும், வேலையின் எந்தக் கட்டம் வரை மாற்றலாம்? இந்த மூன்றையும் உங்கள் கூடத்தில் யாரும் முடிவு செய்து வைக்கவில்லை. சிலைக்குக் கண் திறப்பது யார் என்பதில் எந்தச் சிற்பக்கூடத்திலும் குழப்பம் வருவதில்லை. அளவு மாற்றத்தை அறிவிப்பது யார் என்பதில்தான் வருகிறது. இந்த மூன்றும் தெளிவில்லாத இடத்தில் ஒரே வயதுக்காரர்கள் இரண்டு பேர் வேலை செய்திருந்தாலும் அந்தக் கல் போயிருக்கும்.

மறைமலை நகர், ஒரகடம், மகிந்திரா சிட்டி பக்கம் உள்ள தொழிற்சாலைகளிலும் இதே புகாரைக் கேட்கிறேன். “இந்தக் காலத்துப் பசங்க” என்று ஒரு பக்கம், “பழைய ஆட்கள் மாற மாட்டாங்க” என்று இன்னொரு பக்கம். பயிற்சி வகுப்புகளில் பிறந்த ஆண்டை வைத்து ஆட்களை வகை பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் ஒரு குணப்பட்டியல் கொடுக்கிறார்கள். அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகங்கள் 2020-ல் இதை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டன. தலைமுறை முத்திரையை வைத்து ஊழியர்களை நிர்வகிப்பதற்கு அறிவியல் ஆதாரம் போதாது என்பதுதான் அதன் முடிவு. ஆள் என்ன வேலை செய்கிறார், எப்படிக் கற்றார், தவறினால் யார் தலையில் விடியும் என்பவை பிறந்த ஆண்டைவிட அதிகம் சொல்கின்றன.

உங்கள் தொழிலில் அந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். நீங்கள் கணினியில் வரைகிறீர்கள். தப்பாகப் போனால் ஒரு பொத்தானில் பின்னால் போகலாம். அவர் கருங்கல்லில் வேலை செய்கிறார். குறைத்த கல்லைக் கூட்ட முடியாது. அதனால் ‘சின்ன மாற்றம்’ என்ற பேச்சு உங்கள் இருவர் காதிலும் ஒரே மாதிரி விழாது.

அந்த 3 இஞ்சையே எடுத்துக்கொள்வோம். நீங்கள் கல்லூரியில் படித்ததுதான், மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். பெருமாள் போன்ற முதன்மைத் தெய்வத்துக்கு உத்தம தசதாள அளவு. உச்சி முதல் பாதம் வரை உள்ள உயரத்தை 124 பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு ஓர் அங்குலம். இது கடையில் வாங்கும் டேப்பில் உள்ள அளவு கிடையாது, அந்தச் சிலைக்கு மட்டுமே சொந்தமான அளவு. முகம், கழுத்து, மார்பு, தொடை, விரல் எல்லாம் இந்த அங்குலத்தின் கணக்கில்தான் வரும். 4 அடிச் சிலைக்கு ஓர் அங்குலம் சுமார் 9.8 மில்லிமீட்டர். உயரத்தில் 3 இஞ்ச் கூட்டினால் அது சுமார் 10.4 ஆகிவிடும். அப்படியென்றால் 124 பங்கும் நகர்கிறது. தோளின் அகலம், சங்கு சக்கரம் ஏந்திய கைகளின் விரிவு, மார்பின் கனம் எல்லாமே கூட வேண்டும். வந்து இறங்கிய கல்லின் அகலமும் கனமும் அதற்கு இடம் கொடுக்குமா, புதிய கோடு விழும் இடத்தில் கல்லில் ஏதாவது வெடிப்பு ஓடுகிறதா என்று தட்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். நீங்கள் ஒரு வரைபடமாக அனுப்பியது அவருக்கு முழுச் சிலையின் மறுகணக்கு. அதை இரவில் எல்லோரும் இருக்கிற குழுவில் போட்டது அவருக்குச் சொன்னதாக ஆகாது. நீல டிக் அந்த போனில் யாரோ குழுவைத் திறந்ததற்குத்தான் சாட்சி. பையன்களின் கட்டைவிரலுக்கு ‘பார்த்தேன்’ என்பதற்கு மேல் பொருள் இல்லை. குழுவில் போட்டதோடு நம் பொறுப்பு முடிந்தது என்று நினைக்கும் பழக்கம் இன்று எல்லா அலுவலகத்திலும் உண்டு. கல்லில் அது உடனே தெரிந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

இதனால் பெரியவர் பக்கம் தவறே இல்லை என்று சொல்லவில்லை. வெளிநாட்டு ஆர்டரில் அளவு மாறுவது அவருக்குப் புதிதல்ல. கல்லில் கை வைக்கும் முன் “அளவு இதுதானேம்மா?” என்று ஒரு வார்த்தை அவரும் கேட்டிருக்கலாம். ஆனால் அவர் அப்படிக் கேட்க ஒரு நேரமும் இடமும் உங்கள் கூடத்தில் இல்லை. அதை உண்டாக்குவதுதான் மேற்பார்வை வேலை.

அதற்கு மாமல்லபுரத்திலேயே பாடம் இருக்கிறது. பஞ்ச ரதங்களை மேலே பார்த்துவிட்டு அடிப்பகுதிக்குக் கண்ணை இறக்குங்கள். மேல் நிலைகள் முடிந்திருக்கும், கீழே வேலை பாதியில் நிற்கும். பாறையை உச்சியிலிருந்து செதுக்கிக்கொண்டே இறங்கியிருக்கிறார்கள் என்பது அதில் தெரிகிறது. மேலே முடிந்தது முடிந்ததுதான், கீழே இன்னும் தொடாதது மட்டும் மாற்றத்துக்குத் திறந்திருக்கிறது. உங்கள் கூடத்துக்கும் இப்படி ஒரு வரிசை வேண்டும். கல்லை அளவுக்கு உடைப்பது, காவிக் கோடு போடுவது, உருவத்தைப் பருவெட்டாக எடுப்பது, நுண்வேலை, மெருகு. ஒவ்வொரு கட்டத்துக்கும் எதிரே, அது தொடங்கிய பிறகு எதை மாற்ற முடியாது என்று எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். கல்லை உடைத்த பின் உயரத்தைக் கூட்ட முடியாது. பருவெட்டு முடிந்த பின் கையின் நிலை மாறாது. இந்தப் பட்டியலை நீங்கள் தயாரித்து அவரிடம் காட்டாதீர்கள். அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். எந்தக் கட்டத்தில் எது பூட்டிக்கொள்ளும் என்பது அவருக்குத்தான் முழுமையாகத் தெரியும். தான் சொன்ன விதியை அவரே மீற மாட்டார்.

அடுத்தது, மாற்றத்தைச் சொல்லும் விதம். வாட்ஸ்அப் ஆவணத்துக்கு இருக்கட்டும். பேச்சு கல்லுக்குப் பக்கத்தில் நடக்கட்டும். காலையில் உளியைக் கையில் எடுக்கும் முன், டீ வரும் நேரத்தில், வரைபடத்தைப் பெரிய தாளில் அச்செடுத்துக்கொண்டு போய் நில்லுங்கள். “அளவு மாறிடுச்சு, மாத்திடுங்க” என்பது உத்தரவு. “ஐயா, பெருமாளுக்கு 3 இஞ்ச் கூட்டிக் கேக்கறாங்க. இந்தக் கல்லு தாங்குமா, பாத்துச் சொல்லுங்க” என்பது ஆலோசனை. இதில் பணிவு நாடகம் எதுவும் இல்லை. கல் தாங்குமா என்பது உங்களுக்கு உண்மையிலேயே தெரியாத விஷயம், அவருக்குத் தெரிந்த விஷயம். தெரியாததைக் கேட்டால் எந்த மூத்த தொழிலாளியும் வாய் திறப்பார். தெரிந்ததைச் சொல்லிக் கொடுக்கப் போனால்தான் மூடிக்கொள்வார்.

பேசி முடித்ததும் முடிவை ஒரு முறை திருப்பிச் சொல்லுங்கள். விமானி, விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறை சொன்ன உயரத்தைத் திருப்பிச் சொல்லித்தான் ஆக வேண்டும். உங்கள் பக்கத்து ஊர்க் கல்பாக்கம் போன்ற அணுமின் நிலையங்களிலும் இந்தப் பழக்கம் உண்டு. ஆனால் பெரியவரிடம் “நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்க” என்றால் பள்ளிக்கூடம் மாதிரி ஆகிவிடும். நீங்கள் திருப்பிச் சொல்லுங்கள்: “நான் சரியாப் புரிஞ்சுக்கிட்டேனா பாருங்கய்யா. உயரம் 51 இஞ்ச், வேற கல்லு பாக்கணும், அதுவரைக்கும் இதுல கை வைக்க வேணாம்.” அவர் தலையசைத்தால், அந்த நேரத்திலேயே அந்தத் தாளில் தேதி போட்டு இருவரும் கையெழுத்திடுங்கள். பழைய தாளைக் கிழித்துவிடுங்கள். கூடத்தில் ஒரு சிலைக்கு ஒரு தாள்தான் இருக்க வேண்டும்.

நாற்பது வயதுக்காரர்கள் இருவரைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். என் கணக்கில் அவர்கள்தான் உங்கள் பலம். பெரியவரிடம் அடி வாங்கிக் கற்றவர்கள், வாட்ஸ்அப்பும் பார்ப்பவர்கள். இப்படி நடுவில் நிற்பவர் ஏன் தேவை என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். வடநெம்மேலியில் 1978-லிருந்து இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தைச் சேர்ந்த மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017-ல் புளோரிடாவுக்குப் போய் மலைப்பாம்பு பிடித்ததைப் படித்திருப்பீர்கள். இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அங்கே இருந்த ஆய்வாளர்களுக்குப் படிப்பும் கருவிகளும் குறைவில்லை. தடத்தையும் எச்சத்தையும் பார்த்துப் பாம்பு இருக்கும் இடத்தைச் சொல்லும் கண்தான் இவர்களிடம் இருந்தது. அந்த இரண்டு அறிவும் ஒன்றோடொன்று பேசுவதற்காகவே இரண்டு மொழிபெயர்ப்பாளர்களும் கூடப் போனார்கள். உங்கள் கூடத்தில் எல்லோரும் தமிழ்தான் பேசுகிறீர்கள், ஆனாலும் நடுவில் ஓர் ஆள் தேவைப்படுகிறது. அந்த இருவரில் ஒருவரிடம் அளவுத் தாளின் பொறுப்பை முறையாகக் கொடுங்கள். உங்களுக்குப் பின்னால் தூது போகிறவராக அவர் இருக்கக் கூடாது. காலைப் பேச்சில் கூடவே நிற்கிறவராக இருக்க வேண்டும்.

‘பாப்பா’ விஷயத்துக்கு வருவோம். அவர் வீட்டில் உங்கள் வயதில் மகளோ மருமகளோ இருக்கலாம். கூடத்துக்குள் அந்த அழைப்பில் பாசமும் இருக்கும். அதை முழுவதும் நிறுத்தச் சொன்னால் உறவு முறியும், பொறுத்துக்கொண்டே போனால் கஸ்டமர் உங்களைத் தாண்டி அவரிடமே பேசத் தொடங்குவார். அதனால் எல்லையை இடத்தால் பிரியுங்கள். ஆள் இல்லாத நேரத்தில், சிரித்துக்கொண்டே, ஆனால் நேராகச் சொல்லுங்கள்: “இங்க என்னை எப்படி வேணா கூப்பிடுங்கய்யா. கஸ்டமர் முன்னாடி மட்டும் பேர் சொல்லிக் கூப்பிடுங்க. நான் சொல்ற விலையும் தேதியும் அப்பதான் நிக்கும்.” இதில் உங்கள் கௌரவத்தை மட்டும் நீங்கள் கேட்கவில்லை, கூடத்தின் வியாபாரத்தைச் சொல்கிறீர்கள். அது அவருக்கும் புரியும். பதிலுக்கு நீங்களும் ஒன்று கொடுக்க வேண்டும். கஸ்டமர் கல்லைப் பற்றியோ வேலைப்பாட்டைப் பற்றியோ கேட்டால், “அதை எங்க தலைமைச் சிற்பி சொல்வார்” என்று நீங்களே அவரை முன்னால் நிறுத்துங்கள். தேதி, விலை, வரைபடம் உங்களுடையது. கல், அளவு, வேலைப்பாடு அவருடையது. இப்படிப் பங்கு பிரிந்துவிட்டால் யாரும் யாருடைய வாயையும் அடைக்கத் தேவையில்லை.

பையன்கள் ‘டேய்’க்காக மட்டும் ஒதுங்கவில்லை. சந்தேகம் கேட்டால் திட்டு விழும், கேட்காமல் செய்து கெடுத்தாலும் திட்டு விழும் என்றால் யூடியூப்தான் நல்ல வாத்தியார். பெரியவர் கற்ற காலத்தில் ‘பார்த்துக் கத்துக்கோ’ என்பதே பாடமுறை. பல வருடம் கூடவே இருந்து உளி தீட்டிக் கொடுத்துக் கற்றவருக்கு, கேள்வி கேட்டுக் கற்பது அவசரமாகத்தான் தெரியும். இந்த இரண்டு முறையும் சேர முடியாதவை அல்ல. உங்கள் கல்லூரியின் கதையே அதற்குச் சான்று. 1957-ல் அது தொடங்கியபோது பொறுப்பேற்றவர் பிள்ளையார்பட்டி வைத்தியநாத ஸ்தபதி. அவருக்குப் பின் வந்த மகன் கணபதி ஸ்தபதி தந்தையிடம் தொழில் கற்றவர், கல்லூரியில் கணிதமும் படித்தவர். 27 ஆண்டுகள் அங்கே தலைமையில் இருந்தார். 2000-வது ஆண்டின் முதல் நாளில் திறக்கப்பட்ட 133 அடி கன்னியாகுமரித் திருவள்ளுவர் சிலை அவர் வடிவமைத்தது. பட்டறையில் கண்ணும் கையும் பழகியதை அவர் வகுப்பறைக்கும் ஏட்டுக்கும் கொண்டுவந்தார். பெரியவரிடம் வகுப்பெடுக்கச் சொல்ல வேண்டாம். எல்லாக் கூடத்திலும் ஓரமாகக் கெட்டுப்போன கற்கள் கிடக்கும். வாரத்தில் ஒரு மாலை அதில் ஒன்றைக் காட்டி, “இது எங்கேய்யா தப்பாப் போச்சு?” என்று பையன்கள் முன்னால் கேளுங்கள். பொதுவாகச் சொல்லிக்கொடு என்றால் திணறுகிறவர்கள்கூட, கண்ணெதிரே இருக்கும் தவறைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். முதல் கல்லாக இந்தப் பெருமாள் கல்லை மட்டும் எடுத்துவிடாதீர்கள். அவர் சம்மதித்தால் ஒரு பையன் போனில் பதிவு செய்யட்டும். பையன்களிடமும் ஒன்றைச் சொல்லிவையுங்கள்: கேள்வி கேட்கும்போது காதில் இயர்போன் இருக்கக் கூடாது.

மாஸ்க் விஷயம் வேறு. மற்றதிலெல்லாம் விட்டுக்கொடுத்துப் பேசலாம், இதில் முடியாது. கருங்கல்லில் குவார்ட்ஸ் இருக்கிறது. அதை வெட்டும்போது கிளம்பும் சிலிக்கா நுண்தூசி நுரையீரலில் தங்கிவிடும். அதனால் வரும் சிலிகோசிஸ் நோயைக் குணப்படுத்த மருந்து இல்லை. சட்டப்படி, கண்டறிந்தால் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய்களின் பட்டியலில் அது இருக்கிறது. “நாப்பது வருஷமா” என்று அவர் சொல்வதைப் பொய் என்று வாதாடாதீர்கள். அந்த நாற்பது வருடத்தில் பெரும்பகுதி, கீற்றுக்கொட்டகையின் காற்றில் கை உளியால் செய்த வேலை. கிரைண்டரின் வைரத்தட்டு கிளப்பும் தூசி அதைவிடப் பல மடங்கு அதிகம், மிக நுண்ணியது. அவர் அனுபவம் உளிக்குச் சரி, கிரைண்டருக்கு அது பொருந்தாது என்று மரியாதையாகச் சொல்லலாம். ஆனால் வற்புறுத்தும் வேலையை நீங்கள் தலையில் போட்டுக்கொள்ளாதீர்கள். தண்ணீர் விட்டு வெட்டுவது, துண்டுக்குப் பதில் என்95 மாஸ்க், செங்கல்பட்டு அரசு மருத்துவமனை போன்ற ஓரிடத்தில் எல்லோருக்கும் மார்பு எக்ஸ்ரே ஆகியவை முதலாளியின் உத்தரவாக வர வேண்டும். பெரியவர், சின்னவர் எல்லோருக்கும் ஒரே விதி.

முதலாளியிடம் பேச வேண்டியது இதோடு முடியவில்லை. “நீங்களே தீர்த்துக்குங்க” என்று அவர் சொன்னதால்தான் அந்தக் கல்லின் நஷ்டம் உங்களுக்கும் பெரியவருக்கும் நடுவில் வந்து நிற்கிறது. அதை இருவர் தலையிலும் கட்டாமல் கூடத்தின் கணக்கில் எழுதச் சொல்லுங்கள். தவறினால் கூலியில் கை வைப்பார்கள் என்ற பயம் இருக்கும்வரை யாரும் வாய் திறந்து “எனக்குப் புரியலை” என்று சொல்ல மாட்டார்கள். அடுத்த ஆர்டரிலிருந்து, கல்லை உடைத்த பின் அளவு மாறினால் கல்லின் விலையும் கூலியும் கஸ்டமருடையது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். மாமல்லபுரம் கற்சிற்பத்துக்கு 2017-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தப் பெயரில் விற்கும் கூடம் இப்படி ஒரு நிபந்தனை போடுவதில் தவறே இல்லை.

செய்ய வேண்டிய வரிசையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் முதலாளி: நஷ்டக் கணக்கு, ஒப்பந்த வரி, மாஸ்க் உத்தரவு. அதற்குப் பிறகு பெரியவரிடம் போங்கள். “அன்னிக்கு உங்ககிட்ட நேர்ல சொல்லியிருக்கணும்” என்று தொடங்கி, கல்லின் நஷ்டம் யார் தலையிலும் விழாது என்பதைச் சொல்லிவிட்டு, கட்டப் பட்டியலை அவர் சொல்ல நீங்கள் எழுதுங்கள். ‘பாப்பா’ பேச்சுக்கு அவசரம் இல்லை, அடுத்த கஸ்டமர் வருவதற்கு முந்தைய நாள் போதும். இந்த வரிசையை மாற்றி, நஷ்டக் கணக்கு முடியாமல் பெரியவரிடம் போனீர்களானால், நீங்கள் எவ்வளவு பணிவாகப் பேசினாலும் பழியை அவர் மேல் போட வந்ததாகத்தான் அவருக்குத் தோன்றும்.